நான்கெல்லைக்குள் ஒரு பட்டணம்

உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் நடக்கும்போது காலுக்குக் கீழே ஓர் ஊர் கிடக்கிறது என்று வழக்குக்கு வருகிறவர் யாரும் நினைப்பதில்லை. நினைக்க நேரமும் இருக்காது. ஆனால் முதல் சென்னப்பட்டணம் இருந்த இடம் அதுதான். 1640இல் ஜார்ஜ் கோட்டை எழும்பத் தொடங்கியதும், அதன் வடக்குப் பக்கத்தை ஒட்டி நெசவாளர்களும் சாயக்காரர்களும் வியாபாரிகளும் மொழிபெயர்ப்பாளர்களான துபாஷிகளும் வந்து குடியேறினார்கள். கோட்டைக்குள் இருந்தவர்கள் அதைக் கருப்பர் நகரம் என்றார்கள். குடியிருந்தவர்கள் அப்படிச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். மூன்று ஆண்டு கழித்துத் திருப்பிக் கொடுப்பதற்குள் அந்த ஊரில் ஒரு பகுதியை இடித்துவிட்டிருந்தார்கள். 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து முற்றுகை போட்டார். 1759 பிப்ரவரியில் முடியாமல் திரும்பினார். அதன் பிறகு மிச்சமிருந்த வீடுகளை ஆங்கிலேயர்களே இடித்தார்கள். கோட்டையிலிருந்து சுடும் பீரங்கிக்கு முன்னால் எதுவும் மறைக்கக் கூடாது, எதிரிக்கு ஒளிய ஒரு சுவர்கூட இருக்கக் கூடாது என்பது கணக்கு. எதிரி இடித்தது பாதி, காவல் காத்தவர் இடித்தது பாதி. இன்று நில உரிமை வழக்குகளின் கட்டுகளைத் தலையில் சுமந்துகொண்டு ஆட்கள் நடமாடும் இடம், ஒரு காலத்தில் ஊரோடு காலிசெய்யப்பட்ட மனைகளின் மேல் இருக்கிறது. இதை நினைத்துக்கொண்டு அங்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கலாம். யாரும் எழுப்ப மாட்டார்கள். எல்லோரும் அங்கே எதற்காகவோ காத்திருப்பவர்கள்தான்.

*

பாரிமுனையில் டேர் ஹவுஸ் ஓரமாக ஒரு கல்தூண் நிற்கிறது. கூம்பி மேலே போகும் சிறிய தூண். பஸ்ஸுக்கு நிற்பவர்கள் அதன் பக்கத்தில்தான் நிற்கிறார்கள். 1773இல் நட்டது. இப்படி ஆறு தூண்களை நட்டு, இதற்கும் கோட்டைக்கும் நடுவில் ஒருவரும் வீடு கட்டக் கூடாது என்று கிழக்கிந்தியக் கம்பெனி உத்தரவு போட்டது. மற்ற ஐந்தும் போய்விட்டன. எஸ்பிளனேடு என்று பெயர் வாங்கிய வெற்றுத் திடல் அப்படி உண்டானது.

அந்தத் திடலின் வடக்கு ஓரத்திலிருந்துதான் இப்போது நாம் ஜார்ஜ் டவுன் என்று சொல்லும் பகுதி தொடங்குகிறது. அதாவது இடிபட்ட ஊர்க்காரர்கள் தள்ளிப்போய்க் கட்டிய ஊர். முத்தியால்பேட்டை, பெத்தநாயக்கன்பேட்டை என்று ஏற்கெனவே இருந்த இரண்டு பேட்டைகளோடு கலந்து, இதுவும் கருப்பர் நகரம் என்ற பழைய பெயரைத்தான் வாங்கிக்கொண்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஐந்தாம் ஜார்ஜின் பெயரை வைத்து, அந்தப் பெயரைக் கழுவினார்கள். இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு இரண்டும் தேவைப்படவில்லை. அவர்களுக்கு இது "டவுன்". "டவுன்ல எங்கே?" என்று கேட்டால்தான் தெருப் பெயர் வரும்.

*

வீடுகளோடு கோயிலும் இடிபட்டது. பட்டணத்துப் பெருமாள் கோயில் என்று சொல்லப்பட்ட சென்னகேசவப் பெருமாள் கோயில் இடிந்ததற்கு மாற்றாகக் கம்பெனி இடமும் பணமும் கொடுத்தது. மேற்கொண்டு தன் பணத்தையும் போட்டு, ஊராரிடமும் வசூலித்து, கவர்னர் பிகாட்டின் துபாஷியாக இருந்த மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் பூக்கடையில் இரட்டைக் கோயிலாகக் கட்டினார். சென்னகேசவரும் சென்னமல்லீஸ்வரரும் இன்று அடுத்தடுத்து இருப்பது அப்படித்தான். அருணாசலக் கவிராயரின் இராம நாடகத்தை ஆதரித்தவரும் இதே முதலியார்தான். இடிப்பதற்கு உத்தரவு போட்டவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னவரே மறுபடி கட்டவும் செய்தார். அந்தக் காலத்து துபாஷியின் வாழ்க்கை அப்படி இரண்டு பக்கமும் கால்வைத்ததாகத்தான் இருந்திருக்கிறது. குறை சொல்லத் தோன்றவில்லை.

தம்புச் செட்டித் தெருக் காளிகாம்பாளும் கோட்டைப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தவள்தான் என்பார்கள். விஸ்வகர்மா சமூகத்தாரின் கோயில். 1677 அக்டோபர் 3ஆம் தேதி சத்ரபதி சிவாஜி வந்து வணங்கினார் என்று உள்ளே எழுதிவைத்திருக்கிறார்கள். பாரதியும் வந்துபோன சந்நிதி.

*

வால்டாக்ஸ் ரோடு. ஒரு வரியின் பெயரைத் தாங்கிய சாலை. 1767இல் ஹைதர் அலியின் குதிரைப்படை நகரத்தின் புறப்பேட்டைகள் வரை வந்து கொள்ளையடித்துப் போனது. 1769இல் ஹைதரே பரங்கிமலைப் பக்கம் வந்து நின்று, உடன்படிக்கை எழுதி வாங்கினார். அந்தப் பயத்தில்தான் ஊரைச் சுற்றி மதில் எழுந்தது. ஒப்பந்தம் எடுத்தவர் பால் பென்ஃபீல்டு. பின்னாளில் ஆற்காட்டு நவாபுக்குக் கடன் கொடுத்துக் கொடுத்தே பெரும்புள்ளியான ஆசாமி. மதில் கட்டிய செலவை உள்ளே குடியிருப்பவர்களிடம் வரியாக வாங்குவதாக இருந்தது. சட்டச் சிக்கல் எழுந்து வசூலாகவில்லை என்கிறார்கள். வசூலாகாத வரியின் பெயர் மட்டும் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் பக்கவாட்டில் இன்னும் ஓடுகிறது.

மதிலை 19ஆம் நூற்றாண்டில் இடித்துவிட்டார்கள். பழைய சிறை சாலைப் பக்கம் ஒரு துண்டு தப்பியது. அதன் மேல் செடி வைத்து மாடிப்பூங்கா ஆக்கினார்கள். பீரங்கி வைக்கக் கட்டிய தடித்த சுவர், பூங்காவாகவாவது கிடக்கட்டும். யானைக்கவுனி என்ற பெயரில் ஒரு வாசல் மட்டும் சொல்லாக நிற்கிறது.

*

இரண்டு பேட்டைகளுக்கும் நடுவில் ஒரு பள்ளம் ஓடியது. அத்தப்பள்ளம் என்று பெயர். மழைத்தண்ணீரும் சாக்கடையும் அதில் போகும். பள்ளத்துக்குக் கிழக்கே, கடல் பக்கம், முத்தியால்பேட்டை, மேற்கே பெத்தநாயக்கன்பேட்டை. வலங்கை, இடங்கை என்ற இரண்டு சாதிப் பிரிவுகளின் சண்டை முற்றி ஊர் நாறியபோது, தாமஸ் பிட் கவர்னராக இருந்த காலத்தில், ஆளுக்கொரு பேட்டையாகப் பிரித்து வைக்கப் பார்த்தார்கள். இடங்கையாருக்கு முத்தியால்பேட்டை, வலங்கையாருக்குப் பெத்தநாயக்கன்பேட்டை. எந்தத் தெரு வழியாக யார் கல்யாண ஊர்வலம் போகலாம் என்பதே அன்றைக்கு அரசாங்கக் காரியம். கம்பெனியின் ஆலோசனைக் குறிப்புகளில் பருத்தித் துணியின் விலைக்குப் பக்கத்திலேயே இதுவும் பதிவாகியிருக்கிறது.

1780களில் ஸ்டீபன் பாபம் என்ற வக்கீல் அந்தப் பள்ளத்தைத் தூர்த்துச் சாலை போட்டார். பாபம்ஸ் பிராட்வே. இப்போது பிரகாசம் சாலை. பஸ் கண்டக்டருக்கு மட்டும் எப்போதும் பிராட்வே. மழைக்காலத்தில் அங்கே தண்ணீர் தேங்கும்போது மாநகராட்சியைத் திட்டுகிறோம். திட்ட வேண்டியதுதான். ஆனாலும் தண்ணீர் தன் பழைய வழியை விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறது என்று ஒரு நிமிடம் தோன்றும்.

*

தெருப் பெயர்களைக் கவனித்தால் இது கம்பெனியின் பேரேடு. தம்புச் செட்டி, லிங்கிச் செட்டி, சுங்குராமச் செட்டி எல்லோரும் கம்பெனிக்குத் துணி பிடித்துக் கொடுத்த தலைமை வியாபாரிகள். சுங்குராமரைக் கம்பெனி 1731இல் அந்தப் பதவியிலிருந்து இறக்கிவிட்டது; தெருவை விட்டு இறக்க முடியவில்லை. பவழக்காரத் தெருவில் யூத வியாபாரிகள் இருந்தார்கள். மத்தியதரைக் கடலில் எடுத்த பவழத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கோல்கொண்டா வைரத்தை வாங்கிப் போவது அவர்கள் தொழில். அவர்கள் போன பின்பு அதே தெருவில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வந்தார்கள். அர்மேனியன் தெருவில் அர்மேனியர் ஒருவரும் இல்லை. செகண்ட் லைன் பீச்சில் பீச்சே இல்லை. துறைமுகம் கட்டியபின் கடல் கிழக்கே தள்ளிப்போய்விட்டது. ஃபர்ஸ்ட் லைன் பீச் ராஜாஜி சாலையாகிவிட்டது. முன்பு அலைச் சத்தம் கேட்ட திண்ணைகளில் இப்போது கன்டெய்னர் லாரியின் ஹாரன் கேட்கிறது.

முத்தியால்பேட்டைத் தெருக்களெல்லாம் கடற்கரைக்கு இணையாக வடக்கு தெற்காகப் போகின்றன. குறுக்கே சின்னச் சந்துகள். பிற்பகல் மூன்று மணி வாக்கில் சந்து முனையில் நின்றால் கடற்காற்று வந்து சட்டையைத் தூக்கும். பத்தடி நகர்ந்து தெருவுக்குள் வந்தால் நின்றுவிடும். மூட்டை தூக்குகிறவர்கள், டீக்கிளாஸ் கூடையோடு ஓடும் பையன்கள் எல்லோரும் சந்து முனையில் ஒரு கணம் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். யாரும் சொல்லிக்கொடுத்ததாக இருக்காது.

*

இந்தப் பகுதியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கட்டடங்களை எழுதுகிறார்கள். 1892இல் திறந்த உயர் நீதிமன்றம், அதன் கோபுரத்தின் மேல் 1894 முதல் 1977 வரை எரிந்த கலங்கரை விளக்கு, 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் போட்ட குண்டு, சிஷோம் கட்டிய தலைமைத் தபால் நிலையம், ஏதென்ஸ் கோயில் ஒன்றைப் பார்த்துக் கட்டி 1850இல் திறந்த பச்சையப்பன் மண்டபம். எல்லாம் நல்ல கட்டடங்கள்தான். எழுதியும் ஆயிற்று, படமும் எடுத்தாயிற்று.

எனக்கு மனைகள்தான் கண்ணில் படுகின்றன. தெருவில் பதினைந்து இருபது அடி அகலம். உள்ளே போனால் நூறு அடிக்கு மேல் நீளம். நெசவுத்தறியிலிருந்து வெட்டி வைத்த துண்டுகள்போலப் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். முன்னால் திண்ணை, அடுத்து ரேழி, அப்புறம் முற்றம், முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம், கூடம், இரண்டாம் கட்டு, கிணறு, கொல்லை. வெளிச்சமும் காற்றும் பக்கவாட்டில் வர வழியில்லை. மேலிருந்து முற்றத்தில் இறங்கித்தான் வர வேண்டும். வீட்டுக்குள் நடுவில் வானம் இருந்ததால் இந்த நெருக்கத்தில் மனிதர்கள் மூச்சுவிட்டார்கள்.

அந்த வீடுகளில் முக்கால்வாசி போய்விட்டன. திண்ணையை மறித்து ஷட்டர் போட்டார்கள். முற்றத்துக்கு மேல் ஆஸ்பெஸ்டாஸ் போட்டுக் குடோன் ஆக்கினார்கள். 1930களிலும் 40களிலும் சிலர் முகப்பை மட்டும் மாற்றி, சிமெண்டில் வளைவும் கோடும் உதய சூரியனும் இழைத்தார்கள். உள்ளே அதே மரத்தூண். இப்போது எல்லாவற்றையும் சேர்த்து இடித்து, நாலு மாடி ஐந்து மாடி கட்டுகிறார்கள். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புதுக் கட்டடமும் அதே பதினைந்து அடிக்குள்தான் எழும்புகிறது. ஒல்லியாக, உயரமாக, பக்கத்து வீட்டுத் தோளைத் தொட்டுக்கொண்டு. பக்கத்து மனைக்காரர் விற்க மாட்டார்; விற்றாலும் அண்ணன் தம்பி நாலு பேர் கையெழுத்துப் போட மாட்டார்கள். குடும்பச் சண்டைதான் இந்தப் பகுதியின் நகரமைப்புச் சட்டம். அது மட்டும் இல்லாதிருந்தால் இந்நேரம் ஒரு தெரு முழுவதையும் ஒரே ஆள் வாங்கிக் கண்ணாடிக் கட்டடம் கட்டியிருப்பார். 18ஆம் நூற்றாண்டில் யாரோ கயிறு பிடித்து அளந்த கோட்டின் மேல்தான் இன்றைக்கும் சுவர் வைக்கிறார்கள். ஜார்ஜ் டவுனில் மிகப் பழைய பொருள் எது என்று என்னைக் கேட்டால் அந்தக் கோடு என்பேன்.

*

லிங்கிச் செட்டித் தெருவில் ஒரு வீட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள். கூரை பாதி பிரிந்து, வெட்டிய கேக்கைப் பார்ப்பது போல அதன் அடுக்குகளெல்லாம் வெளியே தெரிந்தன. இந்தக் கூரைக்கு மெட்ராஸ் டெரஸ் என்று ஊர் பெயரே வைத்திருக்கிறார்கள்.

அடியில் தேக்குக் கட்டைகள், ஒன்றரை அடி இடைவெளியில், சுவருக்குச் சுவர். அவற்றின் மேல் விரல் தடிமனே உள்ள சின்னச் செங்கற்கள். படுக்க வைத்ததல்ல, பக்கவாட்டில் செங்குத்தாக நிறுத்தி, கட்டைகளுக்குக் குறுக்கே மூலைவாட்டமாக, சுண்ணாம்புச் சாந்தில் பதித்தது. ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்கு அந்தக் கல் வரிசை தாவி நிற்பதற்குக் கம்பியும் இல்லை, கான்கிரீட்டும் இல்லை, சாந்தின் பிடிப்புத்தான். அதன் மேல் உடைத்த செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று நான்கு அங்குலத்துக்குப் பரப்பி, மரக்கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, பாட்டுக்குத் தாளமாக அடித்துக்கொண்டே நகர்வார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அடிக்க வேண்டும். அடிக்கிற கட்டை தளத்தில் பதியாமல் எகிற ஆரம்பித்தால் போதும் என்று அர்த்தம். அதற்கு மேல் தட்டோடு பதித்து, வாட்டம் கொடுத்து முடிப்பது. சுவர்ப் பூச்சுக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு. நன்றாக அரைத்து, கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். சென்னைக்கு வந்த வெள்ளைக்காரர்கள் சலவைக்கல்லோ என்று ஏமாந்த பூச்சு அது.

கூரையிலிருந்து கட்டையை உருவிக்கொண்டிருந்தவரிடம் இதெல்லாம் எங்கே போகிறது என்று கேட்டேன்.

"கட்டைக்கு ஆளு வந்துருவாங்க சார். கதவு, நெலவு, தூணு எல்லாம் ஏற்கெனவே வண்டில போயிருச்சு. இந்தச் சின்னக் கல்லுக்குத்தான் வெல கெடையாது. ரப்பிஷ்ல போவும்."

ஒரு கல்லை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தேன். உள்ளங்கையை விடக் கொஞ்சம் நீளம். ஒரு முனையில் சூளைக்காரனின் கட்டைவிரல் அழுந்திய பள்ளம். சாந்து இன்னும் விடாமல் ஒட்டியிருந்தது. நகத்தால் கீறினால் பெயரவில்லை. மழைக்குக் கறுத்து, வெயிலுக்கு வெளுத்து, மாமாங்கம் மாமாங்கமாக ஒரு குடும்பத்தின் தலைக்கு மேல் நின்ற கல். கீழே வைத்துவிட்டேன். வீட்டுக்கு எடுத்துப் போய் ஷோகேஸில் வைத்தால் அது வேறு ஏதோ ஆகிவிடும்.

இந்தக் கூரை தெரிந்த கொத்தனார்கள் காரைக்குடிப் பக்கமும் புதுச்சேரிப் பக்கமும் இன்னும் இருக்கிறார்கள். பெயர் கொடுத்த ஊரில் தேட வேண்டியிருக்கிறது.

*

அர்மேனியன் தெரு மாதா கோயில், 1772இல் கட்டியது. வாசலுக்குள் நுழைந்ததும் தெருவின் சத்தம் யாரோ கதவைச் சாத்தியதுபோல அடங்கும். பூமரங்கள். தரையில் பாவிய கற்களெல்லாம் கல்லறைக் கற்கள், நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. நமக்குப் புரியாத எழுத்து. சில கற்களில் தராசும் செதுக்கியிருக்கும், வியாபாரிகள் அல்லவா. தனியாக நிற்கும் மணிக்கூண்டில் ஆறு பெரிய மணிகள். உலகிலேயே முதல் அர்மேனியப் பத்திரிகையான அஸ்தரார் 1794இல் வெளிவந்தது இந்தச் சென்னையில்தான். நடத்தியவர் ஹாருத்தியூன் ஷ்மவோனியன் என்ற பாதிரியார். அவரும் இங்கேதான் அடங்கியிருக்கிறார். சொந்த நாட்டிலிருந்து இத்தனை தூரத்தில், படிப்பதற்குக் கொஞ்சம் பேரே இருந்த ஊரில், எழுத்து வார்த்து அச்சுக் கோத்திருக்கிறார். இரண்டு ஆண்டு நடந்தது. சிறுபத்திரிகை நடத்தியவர்களுக்கு அந்தக் கல்லுக்கு முன்னால் நின்றால் ஏதோ சொந்தக்காரர் வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும்.

அதே தெருவில் அன்னி பெசன்ட் காலத்துக் கோகலே மண்டபம். தன்னாட்சிக் கிளர்ச்சியின் கூட்டங்கள் நடந்த இடம். இடிக்கத் தொடங்கிப் பாதியில் நின்றுபோய், உள்ளே கூடு மட்டும் மிஞ்சியது. அந்தோணியார் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமை தோறும் வருகிற கூட்டம் அதைத் தாண்டித்தான் போகிறது.

*

ஏழுகிணற்றுப் பக்கம் வீராசாமிப் பிள்ளைத் தெருவில் ஒரு சின்ன மாடி வீடு. கைக்குழந்தையாக வந்ததிலிருந்து 1858 வரைக்கும் வள்ளலார் வாழ்ந்தது இங்கே. மாடி அறையில் கண்ணாடி வைத்து, விளக்கேற்றி, அதன் முன் உட்கார்ந்து தியானித்தார். கண்ணாடியில் முருகன் தெரிந்தான் என்று அவர் வரலாற்றில் வரும். வெளியே வந்தால் கந்தகோட்டம் நடக்கிற தூரம். வியாபாரமும் வண்டிமாட்டுச் சத்தமும் நிறைந்த ஒரு தெருவில், ஒரு சின்ன அறையில், ஒருவர் இப்படி உட்கார்ந்திருந்தார் என்பதே எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது. காடு தேடிப் போகவில்லை.

ஏழு கிணறு என்பது கம்பெனி கோட்டைக்குத் தண்ணீர் கொண்டுபோக 1772இல் ஏற்பாடு செய்த கிணறுகள். பத்து வெட்டி, ஏழுதான் உதவின. அந்தத் தண்ணீர் குழாய் வழியாகக் கோட்டைக்குப் போனது. கிணற்றைச் சுற்றியிருந்தவர்கள் தங்கள் கொல்லைக் கிணற்றில் இறைத்துக் குடித்தார்கள்.

கூப்பிடு தூரத்தில் தங்கசாலைத் தெரு. 1840களில் நாணயச்சாலை வந்து, 1869இல் மூடி, பிறகு அந்த இடம் அரசு அச்சகம் ஆனது. காசு அடித்த இடத்தில் கெஜட் அடித்தார்கள். இதே தெருவில்தான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஆறுமுக நாவலரின் வித்தியாநுபாலன யந்திரசாலை இருந்தது. திருக்குறள் பரிமேலழகர் உரையும் திருக்கோவையார் உரையும் பிழையில்லாமல் நமக்குக் கிடைத்ததில் இந்தத் தெருவுக்குப் பங்கு உண்டு. வள்ளலாரின் பாடல்களைப் பற்றி நாவலர் தரப்போடு அருட்பாவா மருட்பாவா என்ற பெரும் சண்டை வந்தபோது அவர் வடலூர்ப் பக்கம் போய்விட்டிருந்தார். ஆனால் சண்டையின் இரண்டு பக்கத்துக்கும் பழைய விலாசம் ஒரே பேட்டைதான். அரைமணி நேரத்தில் நடந்து பார்த்துவிடலாம். இருவரையும் பிடித்தவர்கள் என்னைப் போலச் சிலர் உண்டு. அவர்கள் அப்படி நடக்கும்போது பேசாமல் நடப்பது நல்லது.

*

கொத்தவால் சாவடி 1996இல் கோயம்பேட்டுக்குப் போனது. கத்தரிக்காய், வெங்காயம், அழுகிய இலை, மாட்டு வண்டி எல்லாம் ஒரு நாளில் போயிற்று. தெரு சுத்தமாகும் என்றார்கள். மொத்தக் காய்கறி போன இடத்தில் பருப்பும் மிளகாயும் முந்திரியும் வந்து உட்கார்ந்தன. கோடவுன் தெருவில் துணி, ஆண்டர்சன் தெருவில் காகிதமும் கல்யாணப் பத்திரிகையும், பத்ரியன் தெருவில் பூ, தேவராஜ முதலித் தெருவில் கண்ணாடி, ராசப்பச் செட்டித் தெருவில் நாட்டு மருந்து. கடுக்காய் வாங்க இன்றும் இங்கேதான் வர வேண்டும். கூரைக்கு அல்ல, வயிற்றுக்கு.

1960களில் பர்மாவிலிருந்து வெறுங்கையோடு துரத்தப்பட்டு வந்த தமிழர்களுக்கு, பீச் ஸ்டேஷனுக்கு எதிரே நடைபாதையில் கடை போட இடம் கிடைத்தது. பர்மா பஜார். சாயங்காலம் செகண்ட் லைன் பீச்சில் தள்ளுவண்டியில் அத்தோ கலக்குகிறார்கள். மஞ்சள் நூடுல்ஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், எல்லாவற்றையும் கையால் பிசைந்து ஒரு தட்டு. கூடவே வாழைத்தண்டு சூப். ஊரைவிட்டுத் தள்ளப்பட்டு வந்தவர்கள் கட்டிய ஊருக்கு, இருநூறு ஆண்டு கழித்து, இன்னொரு ஊரைவிட்டுத் தள்ளப்பட்டு வந்தவர்கள். இடம் கொடுத்தது.

*

இரவு எட்டரைக்கு மேல் தெரு காலியாகிவிடுகிறது. முன்பு இப்படி இல்லை. கீழே கடை, மேலே வீடு. ஷட்டர் இறங்கியதும் மாடியில் சாப்பாட்டுத் தட்டின் சத்தம் கேட்கும். சௌகார்பேட்டையில் இன்னும் கேட்கிறது. மார்வாரி குஜராத்திக் குடும்பங்கள் கடைக்கு மேலேயே இருக்கின்றன, நடுராத்திரி வரைக்கும் கச்சோரிக் கடையில் கூட்டம். மண்ணடியில் ரம்ஜான் மாதம் விடியவிடிய விளக்கு எரியும். தம்புச் செட்டித் தெருவிலும் லிங்கிச் செட்டித் தெருவிலும்தான் மாடியெல்லாம் ஆபீஸும் குடோனும். பிள்ளைகள் அண்ணாநகருக்கும் அமெரிக்காவுக்கும் போய்விட்டார்கள். மண்ணடிக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் 2019இல் மெட்ரோ வந்தது. காலையில் கொண்டுவந்து இறக்குகிறது, மாலையில் ஏற்றிக்கொண்டு போகிறது. என் பார்வையில், இந்தப் பகுதிக்கு முகப்பு இடிவதைவிடப் பெரிய நஷ்டம் ராத்திரியில் ஆள் தங்காததுதான். ஆள் தங்குகிற வீட்டின் ஒழுகலை யாராவது அடைப்பார்கள். குடோனில் மழை ஒழுகினால் மூட்டையை நகர்த்தி வைப்பார்கள்.

மரபுச் சின்னங்களைக் காக்கத் தமிழ்நாட்டில் 2012இல் சட்டம் இயற்றினார்கள். அது நடைமுறைக்கு வரப் பத்தாண்டுக்கு மேல் ஆனது. அந்தச் சட்டம் பெரிய கட்டடங்களைக் காப்பாற்றட்டும். பதினைந்து அடி வீட்டுக்கு ஆணையம் வரப்போவதில்லை; வீட்டுக்காரர்தான் இருக்கிறார்.

டவுனில் பூர்வீக வீடு இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விற்கக் கூடாது என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. கூரை ஒழுகுவதும், வாடகைக்கு இருப்பவர் காலிசெய்ய மறுப்பதும், தங்கைக்குப் பங்கு கொடுக்க வேண்டியிருப்பதும் உங்களுக்குத்தான் தெரியும். பில்டரிடம் சாவியைக் கொடுப்பதற்கு முன்னால் மூன்று வேலை செய்யுங்கள். ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய்த் திண்ணையிலிருந்து கொல்லை வரைக்கும் அளந்து ஒரு தாளில் வரையுங்கள். முற்றத்தில் நின்று நாலு பக்கமும், அண்ணாந்து கூரையையும் படம் எடுங்கள். பீரோவில் இருக்கும் பழைய பத்திரங்களை, தாய்ப்பத்திரம் வரைக்கும், ஸ்கேன் செய்து ஒரு பிரதி ஆவணக் காப்பகத்துக்கோ ரோஜா முத்தையா நூலகம் போன்ற ஓர் இடத்துக்கோ கொடுங்கள். அந்தப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதியிருக்கும். கிழக்கே இன்னார் வீடு, மேற்கே இன்னார் மனை, வடக்கே சந்து, தெற்கே பொதுச்சுவர் என்று. உங்கள் வீட்டைப் பற்றி அதில் ஒன்றும் பெரிதாக இருக்காது. சுற்றி இருந்தவர்கள் யார் என்பது இருக்கும். பத்து வீட்டுப் பத்திரம் சேர்ந்தால் ஒரு தெரு கிடைத்துவிடும்.